பட்டன் காட்டுனது போதும், எங்க பாடத்துக்கு வாங்க

ஆசிரியர்களுக்கு டெக்னாலஜி பயிற்சி திட்டம் போடுறவங்க, அத முன்னாடி நின்னு நடத்துறவங்க, "தவறாமல் கலந்துகொள்ள வேண்டும்"னு சர்க்குலர் அனுப்புறவங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஒரு கணக்கு டீச்சர். ப்ரொஜெக்டர் வந்தப்போ, ஸ்மார்ட் போர்டு வந்தப்போ, டேப்லெட் வந்தப்போ, ஆன்லைன் கிளாஸ் வந்தப்போ, இப்போ ஏஐ வந்திருக்குறப்போன்னு எல்லா சீசன்லயும் உங்க பயிற்சியில உக்காந்து, கையெழுத்து போட்டு, சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வந்தவ. டெக்னாலஜி வேண்டாம்னு சொல்ற கட்சி நான் இல்ல. அத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா எங்கள்ல யாராச்சும் வாய தொறந்தாலே "பழைய ஆளுங்க, மாற மாட்டாங்க"ன்னு ஒரு முத்திரைய ரெடியா வச்சிருக்கீங்க. என் வகுப்புல நான் கம்ப்யூட்டர யூஸ் பண்றேன், தினமும் இல்ல, தேவைப்படுற பாடத்துக்கு. ஆனா அதுல உங்க பயிற்சியில கத்துக்கிட்டது ரொம்ப கொஞ்சம். உங்க பயிற்சி சாஃப்ட்வேர்ல ஆரம்பிச்சு சாஃப்ட்வேர்லயே முடிஞ்சிடுது, எங்க வேலை பாடத்துல ஆரம்பிக்குது, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரத்த ஒவ்வொரு டீச்சரும் தனியா கடந்துக்கட்டும்னு விட்டுட்டு நீங்க அடுத்த பேட்ச்சுக்கு போயிடுறீங்க. இந்த மடல் முழுக்க நான் சொல்லப்போறது இத பத்திதான்.

உங்க பயிற்சி எங்க சைடுல இருந்து எப்படி தெரியுதுன்னு சொல்றேன். பெரிய ஹால், முன்னாடி ஒருத்தர், அவர்கிட்ட புது லேப்டாப், தங்குதடை இல்லாம ஓடுற நெட். "இங்க க்ளிக் பண்ணுங்க, இப்போ ஒரு விண்டோ வரும், அதுல மூணாவது ஆப்ஷன்"னு அவரு பாட்டுக்கு போயிட்டே இருப்பாரு. எங்கள்ல பாதி பேருக்கு அந்த விண்டோவே வராது. பாஸ்வேர்டு மறந்தவங்க, ஓடிபி வீட்ல இருக்குற போனுக்கு போறவங்க, அப்டேட் பண்ணுன்னு கேட்டு அப்படியே நின்னுபோன டேப்லெட்ட வச்சிக்கிட்டு முழிக்கிறவங்க. அவரு பாதி ஸ்லைடு தாண்டி இருக்கும்போது நாங்க இன்னும் லாகின் பக்கத்துலதான் நிப்போம். கடைசில ஒரு குரூப் போட்டோ, ஒரு ஃபீட்பேக் ஃபார்ம், அதுல "மிகவும் பயனுள்ளதாக இருந்தது"ன்னு எல்லாரும் டிக் பண்ணுவோம், ஏன்னா ஃபார்ம் முடிச்சாத்தான் சர்ட்டிபிகேட் டவுன்லோட் ஆகும். அந்த டிக்க எண்ணித்தான் நீங்க மேல ரிப்போர்ட் அனுப்புறீங்கன்னு எங்களுக்கும் தெரியும்.

இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. ஸ்லைடுல பத்தி பத்தியா எழுதி வச்சு அதையே வாய்விட்டு படிக்கிறது. ரிச்சர்ட் மேயர்னு ஒரு கல்வி உளவியல் ஆய்வாளர், வருஷக்கணக்கா சோதனை பண்ணி சொன்ன விஷயம் இது: படத்தோட பேச்சு சேர்ந்தா நல்லா புரியும், அதே பேச்ச எழுத்தாவும் ஸ்கிரீன்ல ஓட விட்டா பாக்குறவங்க கண்ணு படத்துக்கும் எழுத்துக்கும் நடுவுல அலையும், புரியுறது குறையும். டெக்னாலஜி வச்சு எப்படி பாடம் நடத்தணும்னு சொல்லித்தர்ற இடத்துலயே இப்படி. நாங்க அத பாத்துத்தான் கத்துக்குறோம், அப்புறம் எங்க வகுப்புலயும் ஸ்லைட படிக்கிறோம், அப்புறம் நீங்களே வந்து "டீச்சர்ஸ் பிபிடிய படிக்கிறாங்க"ன்னு குறை சொல்றீங்க.

சரி, எது எனக்கு வேலை செஞ்சுச்சுன்னு ஒரு உதாரணம் சொல்றேன், கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கோங்க. முக்கோணத்தோட சுற்றுவட்ட மையம். மூணு முனையையும் தொட்டுட்டு போற வட்டத்தோட மையம் எங்க இருக்கும்ங்குற பாடம். போர்டுல நடத்துனா குறுங்கோண முக்கோணம் ஒண்ணு, செங்கோண முக்கோணம் ஒண்ணு, விரிகோண முக்கோணம் ஒண்ணுன்னு மூணு படம் வரையணும், ஒவ்வொண்ணுக்கும் மையக்குத்துக்கோடு (பக்கத்தோட நடுவுல செங்குத்தா போற கோடு), அப்புறம் வட்டம், முடியுறதுக்குள்ள பீரியட் முடிஞ்சிடும், என் கை முழுக்க சாக்பீஸ் தூள். பிள்ளைங்க மனசுல தங்குறது மூணு தனித்தனி படம், மூணு தனித்தனி விதி. மனப்பாடம் பண்ணிட்டு போயிடுவாங்க.

ஜியோஜீப்ரான்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்குல்ல, ஆஸ்திரியாவுல மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர்னு ஒருத்தர் 2001ல தன் முதுகலை ஆய்வுக்காக ஆரம்பிச்சது, டீச்சருங்களுக்கு இலவசம், நெட் இல்லாமலும் ஓடும். அதுல ஒரே ஒரு முக்கோணம் வரைஞ்சேன். ரெண்டு பக்கத்துக்கு மையக்குத்துக்கோடு, வெட்டுற இடத்துல புள்ளி, அதுதான் மையம், வட்டமும் வந்தாச்சு. இழுக்குறதுக்கு முன்னாடி, "இந்த மேல் முனைய நான் கீழ இறக்கப்போறேன், மையம் எங்க போகும், நோட்டுல எழுதுங்க"ன்னு சொன்னேன். இந்த ஒரு வரிதான் அந்த வகுப்புல முக்கியமான வரி, சாஃப்ட்வேர் இல்ல. எழுதுனதுக்கு அப்புறம் மெதுவா இழுத்தேன். கோணம் விரிய விரிய, உள்ள இருந்த மையம் கீழ இறங்கி வருது, சரியா செங்கோணம் ஆகுற நொடியில கர்ணத்தோட நடுப்புள்ளியில போய் உக்காருது, இன்னும் இழுத்தா முக்கோணத்த விட்டே வெளிய போயிடுது. மூணு விதி இல்ல, ஒரே புள்ளி நடந்து போற ஒரே பாதைன்னு பசங்க முகத்துல தெரிஞ்சுச்சு.

அப்போ ஒரு பையன் கேட்டான் பாருங்க, "மிஸ், முழுசா படுக்க வச்சிட்டா?" இழுத்தேன். முனை அடிப்பக்கத்த நெருங்க நெருங்க மையம் ஸ்கிரீன விட்டே ஓடிருச்சு, நான் ஜூம் அவுட் பண்ணி பண்ணி துரத்துறேன், அது இன்னும் கீழ ஓடுது, வட்டம் பெருசாகி பெருசாகி, மூணு புள்ளியும் ஒரே கோட்டுல வந்தவுடனே வட்டமே நேர்கோடா மாறிடுச்சு, மையம் காணாம போச்சு. ஒரே கோட்டுல இருக்குற மூணு புள்ளி வழியா வட்டம் வரைய முடியாதுங்குறத நான் வருஷா வருஷம் ஒரு வரியா சொல்லிட்டு போவேன், அன்னைக்கு அத யாரும் சொல்ல வேண்டியதே இல்லாம போச்சு. மறுநாள் எல்லாரையும் காம்பஸ் எடுத்து கையால வரைய வச்சேன், ஏன்னா ஸ்கிரீன்ல இழுத்து பாத்தவனுக்கு வரைய வந்துடும்னு அர்த்தம் இல்ல.

இத எந்த பயிற்சியில கத்துக்கிட்டேன்? எதுலயும் இல்ல. ஜியோஜீப்ரா பத்தி பயிற்சி நடந்துச்சு, போனேன், டூல்பார்ல இருக்குற ஒவ்வொரு படத்துக்கும் பேரு சொல்லி வரிசையா காட்டுனாங்க. புள்ளி, கோடு, வட்டம், பலகோணம், ஸ்லைடர். எந்த பாடத்துல எந்த இடத்துல பிள்ளைங்க தடுக்கி விழுவாங்க, அந்த இடத்துல இது எப்படி கை குடுக்கும்னு ஒரு வார்த்தை இல்ல. எனக்கு உண்மையில சொல்லிக்குடுத்தது பக்கத்து வகுப்பு அறிவியல் சார். ஃப்ரீ பீரியட்ல என் பக்கத்துல உக்காந்து, என் பாடத்த கேட்டு, "அப்படின்னா உங்களுக்கு இந்த நாலு டூல் போதும் மேடம், மத்தத மறந்துடுங்க"ன்னாரு.

அவரு சொல்லிக்குடுத்ததுல பாதி, எந்த மேனுவல்லயும் முன்னாடி வராத சின்ன சின்ன விஷயம். அச்சுக்கோட்டையும் கட்டத்தையும் மறைச்சிடுங்க, பிள்ளைங்க கண்ணு அங்க போயிடும். கோட்ட தடிமனா வைங்க, எழுத்த பெருசாக்குங்க, மஞ்சள் கலர் போடாதீங்க, வெள்ளை திரையில கடைசி பெஞ்சுக்கு மஞ்சள் தெரியவே தெரியாது. ஃபைல முதல் நாளே லேப்டாப்ல சேவ் பண்ணி வைங்க, வகுப்புல நெட்ட நம்பாதீங்க. பவர்பாயிண்ட் ஸ்லைடுஷோ ஓடும்போது கீபோர்டுல பி எழுத்த அழுத்துனா திரை கருப்பாகிடும், மறுபடி அழுத்துனா வந்துடும். இந்த கடைசி விஷயம் எனக்கு பெரிய வரம். திரை எரிஞ்சுட்டே இருந்தா நான் எவ்வளவு பேசுனாலும் பசங்க அதையேதான் பாப்பாங்க, கருப்பாக்கிட்டா அத்தனை கண்ணும் என் பக்கம் திரும்பும். இத்தனை பயிற்சியில ஒருத்தரும் இத சொல்லல.

இந்த அறிவியல் சார் பண்ணதுக்கு ஆராய்ச்சி உலகத்துல டிபேக்னு (TPACK) பெரிய பேரே இருக்கு. லீ ஷுல்மன்ங்குற கல்வி ஆய்வாளர் 1986ல, பாடம் தெரியுறது வேற, பாடம் நடத்த தெரியுறது வேற, இந்த பாடத்த இந்த பிள்ளைங்களுக்கு எப்படி நடத்துறதுன்னு தெரியுறது இன்னொரு தனி அறிவுன்னு எடுத்து வச்சாரு. 2006ல புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் அதோட டெக்னாலஜிய சேர்த்து, பாடம், நடத்துற முறை, டெக்னாலஜி மூணும் ஒண்ணா கலக்குற இடத்துலதான் ஆசிரியருக்கு வேண்டிய அறிவு இருக்கு, கருவிய மட்டும் தனியா சொல்லிக்குடுத்தா அது வகுப்புக்குள்ள வராதுன்னு சொன்னாங்க. இது உங்களுக்கு தெரியாத விஷயமும் இல்ல, உங்க முதல் ஸ்லைடுலயே மூணு வட்டம் ஒண்ணோட ஒண்ணு வெட்டுற அந்த படம் இருக்கும். படத்த காட்டிட்டு அடுத்த ஸ்லைடுல இருந்து மறுபடி "இங்க க்ளிக் பண்ணுங்க".

அப்புறம் இந்த ஃபாலோ அப் விஷயம். ப்ரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ்னு ரெண்டு ஆய்வாளருங்க 1980கள்லயே சொல்லிட்டாங்க, விளக்கம் குடுத்தாலும், செஞ்சு காட்டுனாலும், ஹால்லயே பயிற்சி பண்ண வச்சாலும், வகுப்புக்கு திரும்பி போனதுக்கு அப்புறம் கூட இருந்து கை குடுக்க ஆள் இல்லன்னா கத்துக்கிட்டது அங்க பெருசா வந்து சேராதுன்னு. பிற்பாடு 1996ல இன்னொண்ணும் சொன்னாங்க, எனக்கு அது ரொம்ப பிடிச்சது. ஒரு டீச்சர் வகுப்ப இன்னொரு டீச்சர் போய் பாத்தா, பாக்குறவரு கருத்து சொல்லக்கூடாது. பாடம் நடத்துறவர்தான் அங்க பயிற்சியாளர், பாக்குறவரு கத்துக்க வந்தவரு. ஏன்னா கருத்து சொல்ல ஆரம்பிச்ச உடனே அது மேற்பார்வை ஆகிடுது, அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து வேலை பாக்குறது கெட்டுப்போயிடுதுன்னு அனுபவத்துல கண்டுபிடிச்சாங்க. எங்க ஸ்டாஃப் ரூம்ல இருக்குற யாருக்கும் இது ஆச்சரியமா இருக்காது. பின்னாடி ஒருத்தர் நோட்டு பேனாவோட உக்காந்தா நாங்க பாடமா நடத்துவோம்? டிராமாதான் நடத்துவோம்.

2020ல பள்ளிக்கூடம் எல்லாம் மூடுனப்போ உலகம் முழுக்க டீச்சருங்க ராவோட ராவா வீடியோ கால் எடுக்க கத்துக்கிட்டாங்களே, அது எப்படி நடந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா? பயிற்சி அப்புறம் மெதுவா வந்துச்சு. அதுக்கு முன்னாடியே வாட்ஸ்ஆப் குரூப்ல "ஸ்கிரீன் ஷேர் எங்க இருக்கு", "பசங்க எல்லாரையும் ஒரே நேரத்துல மியூட் பண்றது எப்படி"ன்னு ஒருத்தர் கேக்க, இன்னொருத்தர் ஸ்கிரீன்ஷாட்ல சிவப்பு வட்டம் போட்டு அனுப்ப, அப்படித்தான் நாங்க கரையேறுனோம். அன்னைக்கு கேட்ட கேள்வி எல்லாம் மறுநாள் காலைல எடுக்கப்போற வகுப்புக்காக கேட்ட கேள்வி, அதான் தங்குச்சு.

இப்போ கொஞ்சம் பெரிய விஷயம். பள்ளிக்கூடத்துக்கு மெஷின் வர்றது இன்னைக்கு நேத்து கதை இல்ல. 1913லயே தாமஸ் எடிசன், சினிமா வந்துடுச்சு, இனிமே பள்ளியில புத்தகத்துக்கு வேலை இல்ல, பத்து வருஷத்துல பள்ளிக்கூடமே மாறிடும்னாரு. அப்புறம் ரேடியோவுக்கும் அதே பேச்சு, டிவிக்கும் அதே பேச்சு. 2005ல பிள்ளைக்கு ஒரு லேப்டாப்னு ஒரு பெரிய உலகளாவிய திட்டம் அறிவிச்சாங்க, பெரு நாடு அதுல லட்சக்கணக்குல வாங்குச்சு. 2012ல அங்க வந்த ஆய்வு, கணக்குலயும் மொழியிலயும் மதிப்பெண் ஏறுனதுக்கு ஆதாரமே இல்லன்னு சொல்லிடுச்சு. 2015ல ஓஇசிடிங்குற பல நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பு, பல நாட்டு பதினஞ்சு வயசு பிள்ளைங்களுக்கு வைக்கிற பிசா தேர்வு முடிவ வச்சு பாத்தப்பவும், கம்ப்யூட்டருக்கு அள்ளி செலவு பண்ண நாடுகள்ல சொல்லிக்கிற மாதிரி முன்னேற்றம் தெரியல. யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு கணக்கு பாக்குற கதைதான் இது. மெஷினுக்கு இருக்குற பட்ஜெட்ல ஒரு ஓரம்கூட அத வச்சு பாடம் நடத்தப்போற ஆளோட நேரத்துக்கு கிடைக்கிறதில்ல.

ஆனா இந்த வரிசையில ஒருத்தர மட்டும் நான் கிண்டல் பண்ண மாட்டேன். பி.எஃப். ஸ்கின்னர்னு உளவியல் அறிஞர், 1953ல தன் மகளோட கணக்கு வகுப்புல போய் உக்காந்து பாத்தாரு. எல்லா பிள்ளைக்கும் ஒரே கணக்கு, தெரிஞ்சவன் முடிச்சிட்டு சும்மா உக்காந்திருக்கான், தெரியாதவன் திணறுறான், சரியா தப்பான்னு தெரிய எல்லாரும் மறுநாள் வரைக்கும் காத்திருக்கணும். அடுத்த வருஷமே உடனுக்குடன் விடைய சரிபாக்குற ஒரு மெஷின செஞ்சு காட்டுனாரு. அந்த மெஷின் நிக்கல, அவரோட தத்துவத்துல எனக்கும் நிறைய சண்டை இருக்கு. ஆனா அவரு பாத்த பிரச்சனை நூத்துக்கு நூறு நிஜம், இன்னைக்கும் என் வகுப்புல இருக்கு. வகுப்புல வந்து உக்காந்ததாலதான் அது அவரு கண்ணுல பட்டுச்சு. நீங்க கடைசியா எப்போ ஒரு முழு பீரியட் பின் பெஞ்சுல சும்மா உக்காந்து பாத்தீங்க?

அந்த ஸ்கின்னர் பிரச்சனைக்கே எனக்கு கிடைச்ச ஒரு வழிய சொல்றேன். பிளிக்கர்ஸ்னு ஒரு ஆப். பிள்ளைங்க கையில போன் வேண்டாம், டேப்லெட் வேண்டாம், ஆளுக்கு ஒரு பிரிண்ட் போட்ட அட்டை. அட்டைய எந்த பக்கம் திருப்பி பிடிக்கிறாங்களோ அது ஏ, பி, சி, டின்னு விடை, நான் என் போன் கேமராவ வகுப்பு முழுக்க ஒரு சுத்து சுத்துனா யாரு என்ன சொன்னாங்கன்னு வந்துடும். பக்கத்துல இருக்குறவன் அட்டைய பாத்து காப்பியும் அடிக்க முடியாது, ஏன்னா ஒவ்வொரு அட்டையும் வேற மாதிரி இருக்கும். 0.5 பெருசா 0.35 பெருசான்னு கேட்டேன். போர்டுல கேட்டா முன் பெஞ்சு நாலு பேரு "0.5 மிஸ்"னு கத்திடுவாங்க, வகுப்புக்கே தெரியும்னு நினைச்சு நானும் போயிடுவேன். அட்டையில பாத்தா கிட்டத்தட்ட பாதி பேரு 0.35ங்குறாங்க, அஞ்ச விட முப்பத்தஞ்சு பெருசுல்ல, அதான். உடனே விடைய சொல்லிடாம, பக்கத்துல இருக்குறவன்கிட்ட ஏன்னு சொல்லி சண்டை போடுங்கன்னு விட்டுட்டு மறுபடி அட்டைய தூக்க சொன்னா பெரும்பாலானவங்க மாறி இருப்பாங்க. எவன் எத சொல்லி எவன மாத்துனான்னு காது குடுத்து கேக்குறதுலதான் எனக்கு மறுநாள் பாடமே கிடைக்குது.

இது ஒண்ணும் என் கண்டுபிடிப்பு இல்ல. ஹார்வர்டுல இயற்பியல் நடத்துற எரிக் மசூர் 1991ல இருந்து இப்படி பண்றாரு, ஓட்டு, பக்கத்துல பேச்சு, மறுபடி ஓட்டு. 2008ல ஒரு ஆய்வுல பட்டன அழுத்தி விடை சொல்ற எலக்ட்ரானிக் கிளிக்கர் வச்ச வகுப்பையும் வெறும் அட்டைய தூக்கி காட்டுன வகுப்பையும் ஒப்பிட்டு பாத்தாங்க, கத்துக்குறதுல சொல்லிக்கிற வித்தியாசம் இல்ல. அப்போ உங்க பயிற்சியில பாதி நேரமாவது நல்ல கேள்வி எழுதுறதுக்கு போகணுமா வேண்டாமா? எந்த தப்பு விடைய போட்டா பிள்ளையோட குழப்பம் வெளிய வரும்னு எங்க சீனியர் டீச்சருங்களுக்கு விரல் நுனியில இருக்கு. அவங்களத்தான் நீங்க "டெக் வராதவங்க"ன்னு தனி லிஸ்ட்ல போடுறீங்க. அந்த லிஸ்ட்ல இருக்குறவங்கள பயிற்சியாளரோட சேத்து உக்கார வைங்க, ஆப் தெரிஞ்ச சின்ன பையனும் தப்பு தெரிஞ்ச பெரிய டீச்சரும் சேர்ந்தா எப்பேர்ப்பட்ட வகுப்பு வரும்னு பாருங்க.

பயம் பத்தியும் சொல்லணும். "டீச்சர்ஸுக்கு மெஷின்னா பயம்"னு சொல்றீங்க. வீட்ல அவங்களும் வீடியோ கால் பேசுறாங்க, டிக்கெட் புக் பண்றாங்க, ரீல்ஸ் பாக்குறாங்க. வகுப்பு நிறைய பிள்ளைங்க முன்னாடி ப்ரொஜெக்டர் "நோ சிக்னல்"னு நீலமா நிக்கும்போது, அஞ்சு நிமிஷத்துல வகுப்பு சந்தையா மாறும்போது, சரியா அந்த நேரம் பாத்து ஹெச்எம் வராந்தாவுல நடந்து போகும்போது வர்ற பயம்தான் எங்க பயம். அதுக்கு மருந்து தைரியம் சொல்ற பேச்சு இல்ல. கேபிள எந்த பக்கம் அழுத்தி சொருகணும், எந்த ரெண்டு கீய சேத்து அழுத்துனா திரை மாறும், எதுவுமே ஓடலன்னா அதே பாடத்த சாக்பீஸ்ல எப்படி நடத்தி முடிக்கணும்னு கையோட ஒரு மாற்று திட்டம், அதுதான் மருந்து. நான் எப்பவும் ரெண்டு பசங்கள கேபிளுக்கும் ஸ்பீக்கருக்கும் இன்சார்ஜ் போட்டுடுவேன், அவங்களுக்கு பெருமை, எனக்கு நிம்மதி.

தமிழ் டைப்பிங்னு ஒரு தனி கஷ்டம் இருக்கு, அத யாரும் பயிற்சியில தொடுறதே இல்ல. பழைய பாமினி ஃபாண்ட்ல வருஷக்கணக்கா அடிச்சு வச்ச கேள்வித்தாள் எங்ககிட்ட குவிஞ்சு கிடக்கு. அத அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல தொறந்தா வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா நிக்கும், போன்ல அனுப்புனா இன்னும் மோசம். எந்த கம்ப்யூட்டர்லயும் போன்லயும் தமிழாவே தெரியுற யூனிகோடுக்கு மாத்த கன்வெர்ட்டர் இருக்கு, நிமிஷத்துல மாறிடும், தமிழ்99 கீபோர்டு இருக்கு, வாயால சொன்னா டைப் ஆகுற வசதி போன்லயே இருக்கு. என் கூட வேலை பாக்குற தமிழம்மாவுக்கு அந்த மைக் பட்டன காட்டுனப்போ ஒரு கட்டுரைய முழுசா பேசியே அடிச்சு முடிச்சிட்டு, சந்திப்பிழைய மட்டும் திருத்திட்டு, "இத்தனை வருஷமா ஏன்டி யாரும் சொல்லல"ன்னு கேட்டாங்க. உங்க ரோபோட்டிக்ஸ் ஸ்லைடுக்கு முன்னாடி இத போடுங்க.

சுமை விஷயத்தையும் மறைக்க விரும்பல. டெக்னாலஜின்னு சொல்லி எங்க கைக்கு வர்றதுல பெரும்பங்கு பாடத்துக்கு சம்பந்தமே இல்லாத அப்லோடு. வருகைப்பதிவு நோட்டுலயும் போடணும் ஆப்லயும் போடணும், மதிப்பெண் ரெண்டு இடத்துல, போட்டோ ஒரு இடத்துல, அதுவும் சர்வர் மூச்சு விடுற நேரம் பாத்து. ஒரு டீச்சர் அன்னைக்கு போன்ல செலவழிச்ச நேரத்துல பிள்ளைங்களுக்காக எவ்வளவு, உங்க டேஷ்போர்டுக்காக எவ்வளவுன்னு பிரிச்சு பாருங்க. புதுசா ஒரு ஆப் குடுத்தா பழைய ஒரு ரெஜிஸ்டர எடுத்துடுங்க. அத செய்ய முடியலன்னா அந்த ஆப்ப டெக்னாலஜி இன் எஜுகேஷன்னு கூப்பிடாதீங்க.

இப்போ ஏஐ. 2022 கடைசில சாட்ஜிபிடி வந்ததுல இருந்து உங்க பயிற்சி ரெண்டே தினுசுதான், ஒண்ணு அது எல்லாத்தையும் பண்ணிடும், இன்னொண்ணு பசங்க காப்பி அடிக்கிறாங்க, பிடிங்க. பிடிக்கிறதுக்கு, மெஷின் எழுதுனதா இல்லையான்னு சொல்ற டிடெக்டர் சாஃப்ட்வேர யூஸ் பண்ணுங்கன்னு வேற சொல்றீங்க. அந்த சாட்ஜிபிடிய செஞ்ச ஓபன்ஏஐ கம்பெனியே தன்னோட டிடெக்டர துல்லியம் போதலன்னு 2023 ஜூலையில எடுத்துட்டாங்க. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளருங்க பாத்ததுல, ஆங்கிலம் தாய்மொழியா இல்லாதவங்க சொந்தமா எழுதுன கட்டுரைகள்ல பாதிக்கு மேல மெஷின் எழுதுனதுன்னு டிடெக்டருங்க தப்பா சொல்லிருக்கு. நம்ம பிள்ளைங்க இங்கிலீஷ்ல எழுதுனா இந்த கணக்குலதான் மாட்டுவாங்க. ஒரு பிள்ளைய திருடன்னு சொல்றதுக்கு முன்னாடி கூப்பிட்டு "இந்த ரெண்டாவது பத்திய எனக்கு விளக்கு"ன்னு கேட்டா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும். நான் ஏஐய வேற வேலைக்கு வச்சிருக்கேன், ஒரு கணக்குக்கு பிள்ளைங்க போடக்கூடிய தப்பு விடைங்கள கேப்பேன், அதுல பாதி உருப்படியா இருக்கும், மீதி கணக்கே தப்பா இருக்கும். அந்த தப்ப கண்டுபிடிக்க பசங்களுக்கே குடுத்துடுவேன், மெஷின மடக்குறதுல அவங்களுக்கு அப்படி ஒரு குஷி.

வேண்டாம்னு சொல்ற உரிமையும் எங்களுக்கு வேணும். பின்னத்த கூட்ட கத்துக்குற பிள்ளைக்கு அனிமேஷன் வேண்டாம், ஒரு பேப்பர மடிச்சா போதும். 2023ல யுனெஸ்கோவோட உலக கல்வி அறிக்கை முழுக்க இந்த டெக்னாலஜி யாரோட விருப்பத்துக்கு உள்ள வருதுங்குற கேள்விய சுத்தித்தான் இருந்துச்சு. வகுப்புல அந்த விருப்பம் டீச்சரோடதா இருக்கணும். "வாரத்துக்கு இத்தனை பீரியட் ஸ்மார்ட் போர்டு"ன்னு கோட்டா வச்சா நாங்க வீடியோவ ஓட விட்டுட்டு பேப்பர் திருத்துவோம், உங்க கோட்டாவும் நிறைஞ்சிடும்.

அதனால அடுத்த பயிற்சிக்கு நான் கேக்குறது இதுதான். எல்லா பாடத்துக்கும் பொதுவா ஒரே ஹால்ல அடைக்காதீங்க, கணக்கு டீச்சருங்கள தனியா, மொழி டீச்சருங்கள தனியா கூப்பிடுங்க, அடுத்த மாசம் நடத்தப்போற ஒரு பாடத்த கையோட கொண்டு வர சொல்லுங்க. ஒரு கருவி போதும். அந்த பாடத்துல பிள்ளைங்க தடுக்குற இடத்த முதல்ல நாங்க சொல்றோம், அதுக்கு அப்புறம் நீங்க லேப்டாப்ப தொறங்க. ஒரு பள்ளியில இருந்து ஒருத்தர கூப்பிடாம ரெண்டு பேரா கூப்பிடுங்க, திரும்பி போனா ஒருத்தருக்கு ஒருத்தர் துணை. அவங்க ஒருத்தர் வகுப்ப ஒருத்தர் போய் பாக்க டைம்டேபிள்ல இடம் விட சொல்லி ஹெச்எம்முக்கு சர்க்குலர் அனுப்புங்க, சர்க்குலர் அனுப்புறதுலதான் நீங்க கெட்டிக்காரங்களாச்சே. சில வாரம் கழிச்சு நீங்களும் வாங்க, அதே பாடம் வகுப்புல என்ன ஆச்சுன்னு பாருங்க, நோட்டு பேனா வேண்டாம், மதிப்பெண் ஷீட் வேண்டாம், போட்டோவும் வேண்டாம். எங்க ப்ரொஜெக்டர்லயே, எங்க நெட்லயே நீங்களும் ஒரு பீரியட் எடுத்து பாருங்க.

வர்ற தேதிய மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க. பரீட்சை பேப்பர் கட்டு கட்டா மேசையில கிடக்குற வாரத்துல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்க லிஸ்ட்ல எந்த பக்கம் இருக்கேன்னு தெரியாத ஒரு கணக்கு டீச்சர்